ஜன்னத் என்றால் தோட்டம்

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவியரோடு இருக்கும் முதல் வகுப்பில் நான் பாடம் எடுப்பதில்லை. அவரவர் பெயரைச் சொல்லி, அதன் பொருளையும் சொல்லச் சொல்வேன். பலருக்குத் தெரியாது. மறுநாள் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். தினமும் சுமந்து திரிகிற ஒரு சொல்லுக்குள் ஒருமுறைகூடப் போகாமலே இருந்துவிட முடியும் என்பது தமிழ் படிக்க வந்தவர்களுக்கு முதல் நாளே தெரியட்டும் என்பதற்காக இந்தப் பழக்கம்.

இந்த ஆண்டு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்" என்றாள்.

"பொருள்?"

"சொர்க்கம், மேடம்."

"அது அத்தர் பேருல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

இந்தப் பெயரோடு எத்தனையோ மாணவிகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். எல்லோரும் சொர்க்கம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையசைத்துவிட்டு அடுத்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. "ஜன்னத் என்றால் தோட்டம்மா" என்றேன். குரல் லேசாக மாறியதைப் பிள்ளைகள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. போன மழைக்காலத்தில் இறந்துபோன என் சாச்சிக்கும் அந்தப் பெயர்தான்.

*

அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளின் மேல் எழுபவை. ஜீம், நூன், நூன் ஆகிய மூன்றும் சேர்ந்த வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். குர்ஆனின் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல்இஸ்ஃபஹானி, புலன்களுக்கு எட்டாதபடி ஒன்றை மூடுவதே இந்த வேரின் அடிப்படை என்கிறார். மண் தெரியாதபடி மரங்கள் அடர்ந்து மூடிய இடம் ஜன்னா. அடுத்த சொல்லோடு சேரும்போது அது ஜன்னத்து. பாரசீகமும் உருதும் அதை ஜன்னத் ஆக்கிக்கொண்டன.

குர்ஆன் இந்தச் சொல்லை மறுமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஸபா நாட்டு மக்களின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருந்த தோட்டங்களுக்கும் இதே சொல்தான். திராட்சைக் கொடியும் பேரீச்சை மரமுமாக ஒருவன் பெருமை பேசித் திரிந்த தோட்டத்துக்கும் இதே சொல்தான். மறுமையில் கிடைப்பதாகச் சொல்லப்படுவதும் மரமும் நீரும் நிழலும் உள்ள இடமே. 56ஆம் அத்தியாயத்தில் அங்கே இருக்கும் மரங்களின் பட்டியல் வருகிறது. முள் இல்லாத இலந்தை. அடுக்கடுக்காகக் காய்த்த ஒரு மரம், அதைப் பல உரைகாரர்கள் வாழை என்கிறார்கள். பிறகு நீண்டு கிடக்கும் நிழல். 55ஆம் அத்தியாயத்தில் மாதுளை வருகிறது. எங்கள் ஊர்க் கொல்லைகளில் நிற்கிற மரங்கள்தான். வெயில் கொளுத்தும் கடலோரத்தில் வளர்ந்த எனக்கு, பாலைநிலத்து மக்கள் பேரின்பத்துக்கு ஏன் நிழலின் பெயரை வைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் நாம் இதைச் சுவர்க்கம், சுவனம், சுவனபதி என்றெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம். அழகான சொற்கள்தான். ஆனால் அவை நம் கண்ணை மேலே, வானத்துக்குத் தூக்கிவிடுகின்றன. மண் போய்விடுகிறது. தமிழில் இதற்கு நெருக்கமான சொல்லைத் தேடினால் எனக்குக் கிடைப்பது 'கா'. கா என்றால் சோலை. திருவானைக்கா, திருக்கோலக்கா என்ற ஊர்ப்பெயர்களில் அது இன்னும் இருக்கிறது. கா என்றால் காப்பாற்று என்றும் பொருள். ஹீப்ரு மொழியில் தோட்டத்துக்கு 'கன்' என்று பெயர். ஆதாமும் ஏவாளும் வாழ்ந்த ஏதேன் தோட்டம் அங்கே 'கன் ஏதென்'. அதன் வேர்வினைக்குக் காத்தல் என்று பொருள். மூன்று மொழிகளிலும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மறைப்பும் காப்பும் நிற்கின்றன.

*

எனக்கு அரபு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் சாச்சி. அப்போது எனக்கு ஆறு வயது. கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார வைத்து, ஈர்க்குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவார். "ஜீமுக்கு ஜபர் ஜ. ஜீமுக்கு ஜேர் ஜி. ஜீமுக்குப் பேஷ் ஜு." எழுத்துக்கு மேலே ஒரு கோடு போட்டால் ஜபர், கீழே போட்டால் ஜேர், மேலே சின்னச் சுழி போட்டால் பேஷ். "கோடு எங்கே இருக்குன்னு பாத்து ஓதணும் புள்ள. மாத்தி ஓதினா எல்லாமே மாறிப்போயிடும்" என்பார்.

எல்லாமே எப்படி மாறும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஜ என்று தொடங்கினால் ஜன்னா, தோட்டம். ஜி என்று தொடங்கினால் ஜின்னா, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஜின்கள். குர்ஆனின் கடைசி வசனத்தில் வருவது இந்தச் சொல். பைத்தியம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஜு என்று தொடங்கினால் ஜுன்னா, கேடயம். நோன்பு ஒரு கேடயம் என்று நபிமொழியில் வருவது இதுதான். குர்ஆனின் மிகப் பழைய பிரதிகளில் இந்தக் கோடுகள் கிடையாது. அங்கே தோட்டமும் ஜின்னும் கேடயமும் ஒரே வடிவில்தான் எழுதப்பட்டிருக்கும்.

வேர் இன்னும் நீள்கிறது. கருப்பையில் இருக்கும் சிசு ஜனீன். அது தாய்க்குள் மறைந்திருப்பது. நெஞ்சுக்குள் மறைந்திருக்கும் இதயத்துக்கு ஜனான் என்றொரு பெயர். அறிவு மூடப்பட்டவர் மஜ்னூன். லைலாவுக்காகப் பாலையில் அலைந்த கைஸை உலகம் அந்தப் பெயரால்தான் அறியும். இரவு வந்து மூடுவதற்கும் குர்ஆனில் இதே வினை. இப்ராஹீமை இரவு மூடிய பிறகுதான் அவர் கண்ணுக்கு நட்சத்திரம் தெரிகிறது.

தோட்டம், ஜின், கேடயம், சிசு, இதயம், பைத்தியம். இந்தப் பட்டியலை நான் முதன்முதலாக ஒரு தாளில் எழுதியபோது, அது என் சாச்சியின் வாழ்க்கைக் குறிப்பு மாதிரி இருந்தது.

*

1979இல் எங்கள் வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தார்கள். உம்மாவுக்கு நான் பிறந்தேன். மூன்று மாதம் கழித்து சாச்சிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்தது. பிள்ளை இறந்தே பிறந்தது. ஆணா பெண்ணா என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். சாச்சிக்கு அப்போது பதினெட்டு வயது. சாச்சா வெளிநாட்டில் இருந்தார்.

துக்கம் கேட்க வந்த பெண்கள், செத்துப்பிறந்த பிள்ளை மறுமையில் தன் தொப்புள்கொடியால் உம்மாவைச் சொர்க்கத்துக்கு இழுத்துப்போகும் என்று ஆறுதல் சொன்னார்களாம். அப்படி ஒரு நபிமொழி இப்னுமாஜா தொகுப்பில் இருக்கிறது. ஜனீன், தாயை ஜன்னத்துக்கு இழுத்துச் செல்கிறது. அந்தப் பெண்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சாச்சி கேட்டது வேறு. "எங்கே வச்சீங்க?" என்றுதான் அவர் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் அடக்கத்தலத்துக்குப் போவதில்லை. அதை நாங்கள் மையத்தாங்கொல்லை என்போம். மையித்துகளின் கொல்லை. ஜன்னத் என்ற சொல்லுக்குத் தமிழில் நாங்கள் தெரியாமலே செய்து வைத்திருக்கும் மொழிபெயர்ப்பு அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. மதீனாவின் அடக்கத்தலத்தை மக்கள் ஜன்னத்துல் பகீ என்றும், கதீஜா நாயகி அடங்கியிருக்கும் மக்காவின் அடக்கத்தலத்தை ஜன்னத்துல் முஅல்லா என்றும் அழைக்கிறார்கள். அங்கேயும் இறந்தவர்கள் இருப்பது தோட்டத்தில்தான்.

பதில் வராத கேள்வியோடு சாச்சி எங்கள் வீட்டுக் கொல்லையைத் தோண்ட ஆரம்பித்தார். முதலில் கையால். பிறகு தேங்காய்ச் சிரட்டையால். தோண்டிய குழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உம்மாதான் பயந்துபோய் ஒவ்வொரு குழியிலும் எதையாவது நட்டு மூடியிருக்கிறார். அப்படித்தான் மருதாணி வந்தது, மாதுளை வந்தது, கொய்யா வந்தது. நான் ஓடியாடும் வயதில் எங்கள் கொல்லையில் வெயில் விழாது. தெருவே எங்கள் வீட்டில் வந்து கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போகும். பறித்துக்கொண்டு போன பிள்ளைகளே வாசலில் நின்று சாச்சியை "ஜின்னத்து" என்று கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கோடு, மேலிருந்து கீழே இறங்கிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து தபாலில் தலாக் வந்தது. எனக்கு எட்டு வயதாகும்போது சாச்சியை ஏதோ ஒரு தர்காவுக்கு அழைத்துப்போனார்கள். நாற்பது நாள். திரும்பி வந்தபோது இடது கணுக்காலைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு புண் இருந்தது. அது ஆறித் தழும்பானது. தண்டை போட்ட மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். சாச்சி என் தலையைத் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை.

*

நான் முனைவர் பட்டத்துக்கு அகப்பாடல்களைப் படித்தேன். ஆய்வேட்டில் ஓர் இயல் வெறியாட்டைப் பற்றியது. குறிஞ்சித்திணையில் தலைவி மெலிந்துபோகிறாள். காதலை மறைத்து வைத்திருக்கிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் குறி பார்க்கிறாள். முருகு அணங்கியது என்கிறார்கள். வேலன் வருகிறான், களம் அமைக்கிறான், மறி அறுபடுகிறது. அப்போது தோழி பேசுகிறாள். நோய்க்குக் காரணம் முருகன் இல்லை என்று உண்மையை எடுத்துச் சொல்கிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெண்ணின் துயரத்துக்குத் தெய்வத்தின் மேல் பழி போடுவது எளிது, அருகில் இருப்பவள் வாய் திறப்பதுதான் அறம் என்று அந்த இயலில் விரிவாக எழுதினேன். புறத்தேர்வாளர் பாராட்டினார்.

அந்த இயலைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்த அதே மாதம் எனக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். 2005. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள் உம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாச்சிய கொஞ்ச நாளைக்கு மாமா வீட்டுல வச்சிக்குவோம். அவுஹ பாத்தா நம்ம ரத்தத்துலயே இருக்குன்னு நெனைச்சிடுவாஹ. என்ன சொல்றே?" உம்மா கண்ணில் பயம் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. மேடைகளில் கவிதை வாசித்துக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சாச்சி இரண்டு தெரு தள்ளி மாமா வீட்டின் பின்னறையில் பன்னிரண்டு நாள் இருந்தார். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. கல்யாணம் முடிந்து நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நன்றாகச் சிவந்திருந்தது. முகம் மலர்ந்தது.

"நம்ம கொல்ல மருதாணிதானே?" என்றார்.

அவருக்கு என் மேல் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

*

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனது. 28 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. ஏர்வாடிச் செய்தி வந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. உம்மா வானொலியை நிறுத்தினார். சாச்சி கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கணுக்கால் தழும்பு ஈரத்தில் மின்னியது. செய்தியைக் கேட்டும் அடுத்த ஏழு வருடம் நாங்கள் மருத்துவரிடம் போகவில்லை. அதற்குக் காரணமாக நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. மறைத்துப் பழகிய வீட்டில் மருந்தும் ஒரு சாட்சியாகிவிடும் என்று பயந்தோம்.

2008இல் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். பேறுகாலத்தை ஒட்டித் தொடங்கிய நோய், அப்போதே கவனித்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றார் அந்த அம்மா. மாத்திரை கொடுத்தார். ஆறே மாதத்தில் சாச்சி இரவில் தூங்கினார். தோண்டுவதை விட்டார். செய்தித்தாள் படித்தார். ஆனால் எப்போதாவது, அழாமல், சாதாரணமாகக் கேட்பார்: "எங்கே வச்சாஹன்னு தெரியுமா?" இது மட்டும் ஏன் போகவில்லை என்று மருத்துவரிடம் உம்மா கேட்டார். "அது நோயில்லம்மா, கேள்வி. யாராவது பதில் சொல்லுங்க" என்றார் அவர்.

குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்துக்கு எழுதுகோல் என்று பெயர். அதன் தொடக்கத்திலேயே நபியிடம், நீர் மஜ்னூன் இல்லை என்று இறைவன் உறுதி சொல்கிறான். மக்காவின் பெரிய மனிதர்கள் அவரை அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டக்காரர்களின் கதை வருகிறது. ஏழைகள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று குசுகுசுத்துக்கொண்டு விடியலில் அறுவடைக்குப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் இரவோடு இரவாகத் தோட்டம் அழிந்து கிடக்கிறது. மஜ்னூன், ஜன்னத் என்ற இரண்டு சொற்களும் ஒரே அத்தியாயத்தில் இருப்பதைப் பல வருடம் ஓதியும் நான் கவனிக்கவில்லை. ஒரு மனிதருக்குப் பைத்தியம் என்று பெயர் வைப்பதும், தோட்டத்தின் வாசலை அடைப்பதும் ஒரே கையின் வேலை என்று இப்போது வாசிக்கிறேன். ஆலிம்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான் ஒரு தமிழாசிரியையாகச் சொல்கிறேன்.

*

ஜன்னத்தைப் பற்றிப் பெண்களிடம் அதிகம் சொல்லப்படுவது, அது தாயின் காலடியில் இருக்கிறது என்பது. எங்கள் ஊர் மேடைகளில் இது வராத பயான் இல்லை. அதற்குமேல் நமக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நஸாயீ தொகுப்பில் அதன் பின்னணி இருக்கிறது. போருக்குப் போக விரும்பி ஒருவர் நபியிடம் வருகிறார். உனக்குத் தாய் இருக்கிறாளா என்று நபி கேட்கிறார். இருக்கிறாள் என்றதும், அவளோடு இரு, ஜன்னத் அவள் காலடியில் இருக்கிறது என்கிறார். கவனியுங்கள், இது மகனுக்குச் சொன்னது. ஒரு மகனைப் போர்க்களத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சொல். தாயைப் பார்த்து, நீ அசையாமல் நில், உன் காலடியில் சொர்க்கம் இருக்கிறது என்று சொன்னது இல்லை. கடமை பிள்ளையின் மேல் இருந்தது. நம் மேடைகளில் அது எப்படியோ பெண்ணின் பொறுமைக்குக் கூலியாக மாறிவிட்டது.

என் மகள் பிறந்தபோது எனக்குப் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே உம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்கு உன் சாச்சிக்கும் இப்படித்தான். பிள்ளை இல்லாம மாரு கல்லாப் போச்சி. உன்னைத் தூக்கித் தூக்கிப் பால் கொடுத்தா. பத்துப் பதினைஞ்சி நாள் இருக்கும். அப்புறம் எல்லாரும் பயமுறுத்துனதுல நான்தான் உன்னைப் பிடுங்கிக்கிட்டேன்."

எங்கள் மார்க்கத்தில் பால்குடி உறவு என்று ஒன்று உண்டு. பால் கொடுத்தவள் தாய். அவள் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அப்படியானால் அந்த நபிமொழி என்னைப் பார்த்துத்தான் பேசுகிறது. எனக்கு ஜன்னத் இருக்கும் காலடிகளில் சாச்சியினுடையதும் ஒன்று. அந்தக் காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. அந்தக் காலைத்தான் நான் பூட்டிய அறைக்குள் அனுப்பச் சம்மதித்தேன்.

*

ஃபிர்தௌஸ் என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்த மாணவியின் பெயரில் இரண்டாவதாக இருப்பது. அது அரபியின் சொந்தச் சொல் இல்லை. பழைய ஈரானிய மொழியில் 'பைரிதைஸா' என்றால் சுற்றிச் சுவர் எழுப்பிய இடம். பாரசீக அரசர்களின் வேலி போட்ட பூங்காக்களை கிரேக்கர்கள் 'பரதைசோஸ்' என்றார்கள். அதிலிருந்து பாரடைஸ் வந்தது. அந்த வழியில்தான் ஃபிர்தௌஸும். குர்ஆனில் இரண்டே இடங்களில் வருகிறது, 18ஆம் அத்தியாயத்திலும் 23ஆம் அத்தியாயத்திலும்.

ஆக, ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகை மறைப்பு இருக்கிறது. ஒன்று சுவர். வெளியிலிருந்து யாரோ கட்டுவது. கட்டியவர் கையில் சாவி இருக்கும். இன்னொன்று, மரங்கள் தாமே வளர்ந்து கிளைகோத்து உண்டாக்கும் நிழல். அதற்குச் சாவி கிடையாது. பெண்களுக்கு மறைவு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன். எனக்கு மறைவு வேண்டும். எழுதுவதற்கு, அழுவதற்கு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு. அக்கவிதைத் தலைவியும் தன் காதலை மறைத்தாள்; அது அவளுடைய மறைவு. சாச்சியிடமிருந்து அவர் பிள்ளையை மறைத்ததும், சாச்சியை ஊரிடமிருந்து மறைத்ததும் எங்களுடைய சுவர். கருப்பை பிள்ளையை மறைப்பதும் வீடு ஒரு பெண்ணை மறைப்பதும் ஒன்றில்லை.

பஸ்றாவின் ராபியாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு கையில் நெருப்பும் இன்னொரு கையில் தண்ணீருமாகத் தெருவில் ஓடினாராம். சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன், ஆசைக்கும் அச்சத்துக்கும் இல்லாமல் இறைவனை நேசிக்க வேண்டும் என்றாராம். இளவயதில் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. இப்போது ஜன்னத்தைக் கொளுத்த எனக்கு மனமில்லை. அதன் சுவரை மட்டும் இடித்துவிட்டுத் தோட்டத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன்.

*

சாச்சி உறக்கத்திலேயே போனார். குளிப்பாட்டிக் கஃபனிட்டோம். கணுக்காலைத் துணி மூடும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பினார்கள். நாங்கள் வாசலோடு நின்றோம். ஒன்றரை மணி நேரம் கழித்து மாமாவின் மகன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது:

"எங்கே வச்சீங்க?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. கூடத்தில் எல்லோரும் அமைதியானார்கள். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"தெக்குச் சுவரோரம். பூவரசு நிக்கிதுல்ல, அதுக்குப் பக்கத்துல" என்றான்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பிள்ளையும் அங்கேதான் இருக்கு. அதே பூவரசு. நான்தான் கொண்டுபோய் வச்சேன். பொட்டப்புள்ள. அதனாலதான் இவளையும் அங்கேயே வைக்கச் சொன்னேன்."

நாற்பத்தைந்து வருடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அங்கே போய் உக்காந்துக்குவா. ஊரு என்ன சொல்லும்?" என்றார். பிறகு அழுதார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டும் தகுதியை 2005இல் இழந்துவிட்டேன்.

ஆயிஷா நாயகி தம் சகோதரர் அப்துர் ரஹ்மானின் கப்ருக்குப் போனார் என்று திர்மிதீ தொகுப்பில் இருக்கிறது. சாச்சியையும் ஒரே ஒருமுறை அந்தப் பூவரசுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்தான். உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருப்பார்.

அகப்பாடல்களின் தோழி வேலன் களத்துக்கு வந்த அன்றே பேசிவிடுகிறாள். நான் எல்லாம் முடிந்த பிறகு பேசுகிறேன். இதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை. இதைப் படிக்கிற பெண்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பின்னறை இருக்கலாம். அதற்குள் இருப்பவர் எதையோ கேட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதில் தெரிந்த ஒருவர் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். என்னைப்போல் தாமதிக்காதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி மேசைக்கு வந்தாள். "தோட்டம்னா, எப்படிப்பட்ட தோட்டம் மேடம்?" என்றாள். மரம் அடர்ந்தது, மண் தெரியாதது, உள்ளே போனால் நிழலாக இருப்பது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன மாதம் கொல்லையிலிருந்து ஒரு மருதாணிக் கொம்பை ஒடித்து மாமாவின் மகனிடம் கொடுத்துவிட்டேன். பூவரசுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறான். துளிர்த்துவிட்டது என்றான். நானும் உம்மாவும் போய்ப் பார்க்க வேண்டும்.